தாழ்த்திய, பின்புறம் இரட்டை டயர் கொண்ட சிறு லாரியின் பின் ஆக்சிலைக் குறுக்கிய ஒரு நிகழ்வு

பின்னணி

சேர்வராயன் மலையில் காப்பியும் மிளகும் பயிரிடும் ஒரு தோட்டத்தின் உரிமையாளரிடம், பின்புறம் பக்கத்துக்கு இரண்டாக நான்கு டயர் கொண்ட பழைய சிறு லாரி ஒன்று இருந்தது. அறுவடைக் காலத்தில் பழம் பறிப்பவர்கள் மூட்டைகளைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து வண்டியில் ஏற்ற வேண்டும். தளம் தரையிலிருந்து 960 மி.மீ. உயரத்தில் இருந்ததால் ஒவ்வொரு மூட்டையையும் மார்பளவுக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஏற்ற ஆள் கிடைப்பதே பாடாக இருந்தது. எனவே அவர் வண்டியைத் தாழ்த்த முடிவு செய்தார். வேறொரு பட்டறையில், சக்கரங்களைத் தாங்கும் அச்சான ஆக்சிலுக்கு மேல் இருந்த லீஃப் ஸ்பிரிங் பட்டைகளை ஆக்சிலுக்குக் கீழே மாற்றி 175 மி.மீ. இறக்கினார்கள், வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் மேல் இருந்த மரக்கட்டைகளை எடுத்துவிட்டுத் தளத்தை நேராகச் சேஸிஸ் மேலேயே பரப்பியதில் இன்னும் 110 மி.மீ. குறைந்தது. தளம் 675 மி.மீ. உயரத்துக்கு வந்தது.

தொல்லை அங்கிருந்துதான் தொடங்கியது. தளம் டயருக்கு மேலே இருந்தவரை வண்டியின் அகலத்தைத் தளமே தீர்மானித்தது. அது 1,910 மி.மீ. தான். தளம் இறங்கியதும் டயர் தளத்தைத் தாண்டி மேலே எழுந்து, பக்கப் பலகையோடு ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டது. பலகை டயருக்கு வெளியே நிற்க வேண்டும், இடையில் இடைவெளியும் வேண்டும் என்பதால் மொத்த அகலம் 2,075 மி.மீ. ஆயிற்று. தோட்டத்துக்குள்ளே பலரும் பங்கிடும் பாதையிலோ இரு கல்தூண்களுக்கு இடையே 2,020 மி.மீ. தான் இருக்கிறது, தூண்களைத் தாண்டியவுடன் அதே அகலத்தில் ஒரு சிறு பாலம். 1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த காலம் தொட்டு, இங்குள்ள பழைய வழிகள் பல மாட்டு வண்டிக்குப் போட்ட அளவிலேயே இருக்கின்றன. பாதை பலருக்கும் பொது என்பதால் தூணைத் தள்ளி வைக்கும் பேச்சு எடுபடவில்லை. வண்டியைத்தான் குறுக்க வேண்டும் என்ற நிலையில் அது சேலத்தில் உள்ள பட்டறை ஒன்றுக்கு வந்தது. அளவும் கணக்கும் பார்த்துத் தரும் பொறுப்பு எனக்கு.

அமெரிக்காவில் இரட்டைச் சக்கரப் பிக்கப் வண்டிகளைத் தரையோடு தாழ்த்தி அழகு பார்ப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். அங்கே டயரை உடலுக்குள் அடக்கும் ஆசைக்காக ஆக்சிலைக் குறுக்குகிறார்கள், இங்கே கல்தூணுக்காக.

முதலில் கண்டவை

வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றாமலே முதலில் அளந்தோம். சக்கரங்கள் பூட்டப்படும் ஹப்பின் முகத்திலிருந்து எதிர் ஹப் முகம் வரை 1,470 மி.மீ. இரட்டை டயர்களின் மையங்களுக்கு இடையே 235 மி.மீ.; ஒரு டயரின் அகலம் சுமார் 200 மி.மீ. ஹப் முகம் இரட்டை டயர்களுக்கு நடுவே அமைவதால், வெளி டயர்களின் வெளிமுகங்களுக்கு இடையே 1,905 மி.மீ., உள் டயர்களின் உள்முகங்களுக்கு இடையே 1,035 மி.மீ. இந்த இரண்டாவது எண்தான் பிறகு வந்த எல்லா முடிவுகளையும் ஆட்டி வைத்தது.

ஸ்பிரிங் பட்டைகள் சேஸிஸின் வெளிப்பக்கத்தில், மையத்துக்கு மையம் 900 மி.மீ. இடைவெளியில் இருந்தன. பட்டையின் அகலம் 70 மி.மீ. ஆகவே பட்டையின் வெளி விளிம்புக்கும் உள் டயருக்கும் இடையே இருந்தது வெறும் 32 மி.மீ.

தாழ்த்தியபோது ஆக்சில் மேலெழ இடம் வேண்டுமென்று சேஸிஸில் அரைவட்டமாக வெட்டியிருந்தார்கள். அந்த வெட்டுக்கு முட்டாக ஒரே ஒரு தகட்டை, செங்குத்துக் கோட்டில் மேலிருந்து கீழ்வரை பற்றவைத்திருந்தார்கள். இடப்பக்கத்தில் பற்றின் கீழ்முனையிலிருந்து மயிரிழை போல் ஒரு விரிசல் கிளம்பி, சேஸிஸின் அடி மடிப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, சிவப்புச் சாயம் தடவி, மேலே வெள்ளைப் பொடி அடித்த பிறகுதான் அதன் முழு நீளம் தெரிந்தது. ஆக்சிலைத் தொடுவதற்கு முன் சேஸிஸைச் சரி செய்ய வேண்டும் என்பது அந்த இடத்திலேயே முடிவாயிற்று.

எங்கே இடிக்கிறது

பக்கப் பலகை, கீல், டயர் இடைவெளி எல்லாம் சேர்த்துப் பக்கத்துக்கு 85 மி.மீ. போகிறது. வண்டி 1,935 மி.மீ. ஆனால் தூண்களுக்கு நடுவே இருபுறமும் 42 மி.மீ. மிஞ்சும், பழக்கப்பட்ட ஓட்டுநருக்கு அது போதும். ஆகவே ஆக்சிலில் மொத்தம் 140 மி.மீ., பக்கத்துக்கு 70 மி.மீ. எடுக்க வேண்டும். ஹப் முகங்களுக்கு இடையே 1,330 மி.மீ. என்பது இலக்கு.

ஆக்சிலைக் குறுக்குவது என்றாலே ஆக்சிலின் வெளிக்கூடான ஹவுசிங்கை வெட்டி ஒட்டுவது என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். ஒற்றைச் சக்கர வண்டியில் அது பெரும்பாலும் உண்மை. இரட்டைச் சக்கரத்தில் ஒவ்வொரு பக்கமும் இரண்டாவது டயர் ஒன்று உள்ளே நிற்கிறது. வெளி டயர் 70 மி.மீ. உள்ளே வந்தால் உள் டயரும் அதே 70 மி.மீ. உள்ளே போகும். 32 மி.மீ. இடைவெளியில் 70 மி.மீ. நுழையாது, டயர் ஸ்பிரிங் பட்டைக்குள்ளேயே 38 மி.மீ. போய் நிற்கும். குறுக்கும் அளவைத் தீர்மானிப்பது ஆக்சில் அல்ல, உள் டயர்களுக்கு நடுவே என்னென்ன இருக்கின்றன என்பதே.

பரிசீலித்த வழிகள்

உரிமையாளர் முதலில் கேட்டது, உள் டயரைக் கழற்றிவிட்டு ஒற்றை டயரில் ஓட்டலாமா என்பது. அவர் ஏற்றும் இரண்டு டன்னுக்கு அந்த அளவு டயர் தாங்காது. மலைச்சரிவில் ஒரு டயர் வெடித்தால் அந்தப் பக்கம் தாங்க வேறொன்றும் இருக்காது. உடனே தள்ளப்பட்டது.

டயர் மையங்களுக்கு இடையே உள்ள 235 மி.மீ. தூரத்தைக் குறைக்கும் வகையில் வேறு வீல் டிஸ்க் போடுவது இரண்டாவது யோசனை. சுமை ஏறும்போது டயரின் அடிப்பகுதி இருபுறமும் பிதுங்கும். இரண்டு டயர்களின் பிதுக்கங்கள் ஒன்றையொன்று தொட்டால் சூடேறி உள்பக்கம் வெந்துபோகும். இருந்த 35 மி.மீ. இடைவெளியே அதற்குத்தான். அதில் கை வைக்கக் கூடாது.

பலகையை டயருக்கு மேலேயே நிறுத்தி, டயருக்கு மட்டும் புடைத்த மட்கார்டு போடுவது மூன்றாவது. அகலம் 1,975 மி.மீ. வரும், தூணருகே பக்கத்துக்கு 22 மி.மீ. மிஞ்சும். முதல் வாரத்திலேயே மட்கார்டு தூணோடு போய்விடும் என்று ஓட்டுநரே சொல்லிவிட்டார்.

ஆக்சிலைக் குறுக்கி, அதோடு ஸ்பிரிங்குகளையும் சேஸிஸின் வெளிப்பக்கத்திலிருந்து சேஸிஸின் நேர் அடிக்குக் கொண்டு வருவது எஞ்சிய வழி. ஸ்பிரிங் மையங்கள் 900-லிருந்து 735 மி.மீ. ஆகும். உள் டயருக்கும் பட்டைக்கும் இடையே 45 மி.மீ., டயருக்கும் சேஸிஸுக்கும் இடையே 47 மி.மீ. கிடைக்கும். இதற்கு மூன்று விலை கொடுக்க வேண்டியிருந்தது. ஸ்பிரிங் தாங்கிகள் சேஸிஸுக்குப் பக்கத்தில் இல்லாமல் அடியில் வருவதால் வண்டி 35 மி.மீ. உயரும்; தளம் 710 மி.மீ. ஆகும். தளத்தில் சக்கரப் பெட்டிகளுக்கு நடுவே உள்ள இடம் 140 மி.மீ. சுருங்கும். மூன்றாவதுதான் கனமானது: வண்டி பக்கவாட்டில் சாய்வதை ஸ்பிரிங் எதிர்க்கும் வலு, ஸ்பிரிங் மையங்களின் இடைவெளியின் வர்க்கத்தைப் பொறுத்தது. 735-ஐ 900-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.67. அதாவது அந்த வலுவில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

அதனால் கவிழும் அபாயத்தைத் தனியே கணக்கிட்டோம். வெளி டயர் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தில் பாதியை, சுமையோடு கூடிய புவியீர்ப்பு மைய உயரத்தால் வகுத்துக் கிடைக்கும் எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நிலைப்பு. பழைய உயரமான வண்டிக்கு 852-ஐ 1,150-ஆல் வகுக்க 0.74. தாழ்த்திய, குறுக்காத வண்டிக்கு மைய உயரம் 910 என்று வைத்து 0.94. தாழ்த்திக் குறுக்கினால் 782-ஐ 945-ஆல் வகுக்க 0.83. தாழ்த்தியதில் பெற்றதில் பாதிக்கு மேல் குறுக்குவதில் இழக்கிறோம். ஆனாலும் கம்பெனியிலிருந்து வந்த நிலையைவிட மோசமில்லை. தாழ்த்தாமல் குறுக்கியிருந்தால் 0.68 ஆகியிருக்கும், அந்த வேலையை யாருக்கும் செய்து தரக் கூடாது. இந்த எண்களை உரிமையாளரிடம் எழுதிக் கொடுத்து, சாய்வைக் கட்டுப்படுத்தப் பின்னால் ஒரு குறுக்குக் கம்பி போட வேண்டி வரலாம் என்றும் சொன்ன பிறகே வேலை தொடங்கியது.

சட்டத்தின் பக்கம்

பதிவுச் சான்றில் உள்ள, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு தடுக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. முதலில் தாழ்த்தியதே அந்த வரம்பைத் தாண்டியதுதான். வண்டி இனித் தோட்ட எல்லைக்குள் மட்டுமே ஓடும், பதிவை ரத்து செய்ய வேண்டும், மலைக்கு இன்னொரு லாரியில் ஏற்றித்தான் போக வேண்டும் என்பவை பட்டறை விதித்த நிபந்தனைகள். ரத்தான தாள் கைக்கு வந்த பிறகே ஹவுசிங் வெட்டப்பட்டது.

ஆக்சில் ஷாஃப்ட்

இந்த ஆக்சில் முழு மிதவை வகை. வண்டியின் எடையை ஹவுசிங்கும் ஹப் பேரிங்கும் சுமக்கின்றன. உள்ளே சுழலும் தண்டான ஷாஃப்ட் முறுக்கு விசையை மட்டும் கடத்துகிறது. ஷாஃப்ட் உடைந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது என்பது ஆறுதல். அதை நம்பித்தான் பல இடங்களில் ஷாஃப்டை நடுவில் வெட்டி ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். பட்டறையின் மூத்த வெல்டரிடமே உரிமையாளர் அப்படிக் கேட்டார். "ஒட்டிக் குடுத்தா மூணு நாள்ல வண்டி போயிருங்க முதலாளி. ஆனா அது ஏத்தத்துல அறுந்துச்சுன்னா என்னைக் கேக்கக் கூடாதுங்க" என்பது அவர் பதில். மலை ஏற்றத்தில் முதல் கியரில், சுமையோடு நிற்கும் வண்டியின் ஷாஃப்ட் அறுந்தால் இயந்திரப் பிடிப்பு முழுவதும் போய் வண்டி பின்னால் உருளும். பிரேக் மட்டுமே மிஞ்சும்.

ஷாஃப்டின் உள்முனையை 70 மி.மீ. வெட்டிப் புதிதாக ஸ்பிளைன் (நீளவாட்டுப் பற்கள்) போடுவது அடுத்த யோசனை. அளந்து பார்த்ததில், ஸ்பிளைனுக்கு அடுத்த பகுதி ஸ்பிளைனின் அடிப் பள்ளத்தைவிட மெலிந்திருந்தது. அங்கே பல் வெட்ட உலோகமே இல்லை. இருந்திருந்தாலும் மேல்தோல் கடினமாக்கப்பட்டது. அதை இளக்கித்தான் பல் வெட்ட முடியும், இளக்கினால் வலு போய்விடும். ஆகவே புதிய ஷாஃப்டுகள் செய்ய முடிவாயிற்று. ஈஎன் 24 என்ற கலப்பு எஃகுத் தண்டின் முனையைச் சூடாக்கி அடித்து ஃபிளாஞ்சாக (தட்டையான விளிம்பாக) விரித்து, கடைந்து, பல் வெட்டி, கடினமாக்கிப் பதப்படுத்தும் வேலைக்குக் கோயம்புத்தூருக்கு அனுப்பினோம். இடது வலது ஷாஃப்டுகளின் நீளம் வேறு வேறு. உள்முனை, இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் நடு ஊசியில் முட்டாமல் 3 மி.மீ. விட்டு அளவு கொடுத்தோம். மொத்தச் செலவில் ஏறக்குறையப் பாதி இதற்கே போயிற்று.

வெட்டும் பற்றவைப்பும்

ஹவுசிங்கை எங்கே வெட்டுவது என்பதில் பட்டறையில் இரண்டு கருத்து இருந்தது. சுமையால் வரும் வளைப்பு, சக்கரத்தில் தொடங்கி உள்ளே போகப் போகக் கூடி, ஸ்பிரிங் இருக்கையில் உச்சத்தை அடைந்து, இரு இருக்கைகளுக்கும் நடுவே மாறாமல் நிற்கும். ஆகவே பற்று எவ்வளவுக்குச் சக்கரத்தின் பக்கம் போகிறதோ அவ்வளவு நல்லது. பிரேக் தட்டின் ஃபிளாஞ்சிலிருந்து 60 மி.மீ. உள்ளே, குழாய் ஒரே விட்டத்தில் இருக்கும் பகுதியில் வெட்டினோம். அங்கே வரும் வளைப்பு இருக்கையில் வருவதில் சுமார் 57 சதவீதம்தான். ஆக்சில் குறுகுவதால் ஹவுசிங்குக்குப் பாரம் குறையும் என்று சிலர் நினைத்தார்கள். ஸ்பிரிங்கும் உள்ளே நகர்வதால் சக்கரத்துக்கும் இருக்கைக்கும் உள்ள தூரம் 285-லிருந்து 297 மி.மீ. ஆகி, வளைப்பு நான்கு சதவீதம் கூடவே செய்தது.

நேர்மை பார்க்க 40 மி.மீ. விட்டத்தில் சாணை பிடித்த ஒரு டம்மி பார் செய்தோம். டிஃபரன்ஷியல் பேரிங் அமரும் இரு இடங்களிலும் இரு முனைகளிலும் அச்சாகப் பொருந்தும் வட்டுகளைக் கடைந்து, அவற்றின் நடுவே பாரைச் செருகினால், எந்த முனை எந்தப் பக்கம் விலகினாலும் பார் இறுகிக் காட்டிவிடும். நுண்ணளவு காட்டும் டயல் கேஜ், விலகல் எவ்வளவு என்று சொல்லும்.

இந்த வேலையில் மிகவும் நேரம் பிடித்தது வரிசையைத் தீர்மானிப்பதுதான். ஸ்பிரிங் இருக்கையைப் பற்றவைக்கும் சூடே ஹவுசிங்கை வளைத்துவிடும். எனவே முனைகளை ஒட்டி நேர் பார்த்துவிட்டு, பிறகு இருக்கையைப் பற்றவைத்தால் பார்த்த நேர் வீண். இருக்கையை முதலில் பற்றவைக்கலாமென்றால், கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு இணையும் பினியனின் மூக்கு எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பது சுமையோடு வண்டி நின்றால்தான் தெரியும். அதனால் முனைகளையும் இருக்கைகளையும் புள்ளிப் பற்றில் மட்டும் நிறுத்தி, வண்டியைக் கூட்டி, இரண்டு டன் ஜல்லி மூட்டை ஏற்றி, கோணம் பார்த்தார்கள். கியர்பாக்ஸ் வெளித்தண்டு மூன்று பாகை கீழ்நோக்கி இருந்தது. பினியன் மூன்று பாகை மேல்நோக்கி வருமாறு இருக்கை திருப்பப்பட்டது. பிறகு எல்லாவற்றையும் கழற்றி, இருக்கைகளை முழுமையாகப் பற்றவைத்து, அதன் பிறகே முனைகளுக்கு வந்தார்கள். இவ்வளவு சுற்று எதற்கு என்று உரிமையாளர் சலித்துக்கொண்டது நியாயம்தான். பார்ப்பவருக்கு ஒரே வேலையை இரண்டு முறை செய்வது போலத்தான் இருக்கும்.

முனைகளின் ஓரங்கள் வி வடிவில் சாய்க்கப்பட்டு, உள்ளே இறுக்கமாகப் பொருந்தும் ஒரு சிலீவ் செருகப்பட்டது. 7018 வகை வெல்டிங் ராடை அடுப்பில் உலர்த்தி, குழாயை 150 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, சுற்றை நான்காகப் பிரித்து எதிரெதிர்க் கால்வட்டங்களாகப் பற்றவைத்தார் அந்த மூத்த வெல்டர். முதல் சுற்றில் இடமுனை 0.6 மி.மீ. முன்பக்கம் இழுத்துக்கொண்டது. அவர் அதைத் தட்டவில்லை. எதிர்ப்பக்கத்தில் இருந்து அடுத்த சுற்றைத் தொடங்கினார். இரண்டாவது சுற்றுக்குப் பின் 0.35. கடைசியில் எதிர்ப்புறத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பட்டையைச் செந்நிறமாகச் சூடாக்கி, தானாகக் குளிரவிட்டதில் 0.2-க்கு வந்து நின்றது. பற்றைக் கண்ணாடி நார்ப் போர்வையில் சுற்றி இரவு முழுவதும் ஆறவிட்டார்கள். மறுநாள் டம்மி பார் கையால் சுற்றியது.

சேஸிஸில் பழைய தகட்டை எடுத்துவிட்டு, முனைகள் சாய்வாக வெட்டிய இரட்டைத் தகடுகளைச் சேஸிஸின் செங்குத்துச் சுவரில் மட்டும் போல்ட் போட்டு இறுக்கினார்கள். மேல், கீழ் மடிப்புகளில் துளையும் இல்லை, குறுக்குப் பற்றும் இல்லை. ஆக்சில் மேலெழ 75 மி.மீ. இடமும் அதன் முடிவில் ரப்பர் முட்டும் வைக்கப்பட்டன. பிரேக் குழாயும் கை பிரேக் கேபிளும் புதிய நீளத்துக்கு மாற்றப்பட்டன.

மலையேறிய பின்

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் வேறொரு லாரியின் முதுகில் கடந்து, அறுவடை தொடங்குமுன் வண்டி தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தூண்களுக்கு இடையே நுழைந்தது. ஏற்றுபவர்கள் மூட்டையை இடுப்பளவில் தள்ளிவிட முடிந்தது.

சாய்வு எதிர்பார்த்தபடியே கூடியிருந்தது. பாதி சுமையில் தெரியவில்லை. முழுச் சுமையோடு களத்துக்கு இறங்கும் வளைவில் வண்டி வெளிப்பக்கம் சரிந்து நிமிர நேரம் எடுத்தது. சொல்லியிருந்தபடி பின்னால் குறுக்குக் கம்பி ஒன்று பொருத்தப்பட்டது. அதன் பிறகு ஓட்டுநர் குறை சொல்லவில்லை.

எதிர்பாராதது ஒன்று மழைக்குப் பின் வந்தது. இடப்பக்க உள் டயரின் உள்சுவரில் விரல் அகலத்துக்கு ரப்பர் உராய்ந்து பளபளத்திருந்தது. டயருக்கும் பட்டைக்கும் 45 மி.மீ. இருந்தது உண்மை, ஆனால் பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்டின் கால் பட்டைக்கு வெளியே நிற்கிறது. அங்கே உண்மையில் மிஞ்சியது 25 மி.மீ. மட்டுமே. தோட்டத்துச் செம்மண் சேறு அந்த இடுக்கில் அடைத்து, காய்ந்து கட்டியாகி, டயரை அரம் போல் தேய்த்திருந்தது. யூ போல்டை எடுத்துவிட்டு, பட்டையின் மேலும் கீழும் தகடு வைத்து, கால்கள் பட்டைக்கு முன்னும் பின்னும் வருமாறு நேர் போல்டுகள் போட்டார்கள். சேறு நிற்காதபடி ஒரு சாய்தகடும் சேர்ந்தது. இடுக்கைக் கழுவிவிடுவது இப்போது தினசரி வேலை.

அறுவடை முடிந்ததும் இரு பற்றுகளிலும் மீண்டும் சாயச் சோதனை செய்தார்கள். விரிசல் இல்லை. ஹப் பேரிங்குகளில் சூட்டு நிறம் இல்லை. ஷாஃப்டின் பற்கள் முழு நீளத்துக்கும் சமமாகப் பதிந்திருந்தன. சேஸிஸில் பழைய விரிசல் முனையில் போட்டிருந்த நிறுத்துத் துளையைத் தாண்டி எதுவும் வளரவில்லை.

அடுத்த வண்டியில் மாறுபவை

உள் டயருக்கான இடைவெளியை இனிப் பட்டையிலிருந்து அல்ல, மிக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் காலிலிருந்தே அளக்கிறோம். சுமை ஏற்றி, டயர் பிதுங்கிய நிலையில் அளக்கிறோம். குறுக்குக் கம்பியைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் முதலிலேயே சேர்க்க வேண்டும், ஏனெனில் அதன் தாங்கிகளுக்கான இடத்தைப் பற்றவைப்புக்கு முன்பே ஒதுக்கினால் ஹவுசிங்கை மீண்டும் சூடாக்க வேண்டியதில்லை. தாழ்த்துவதையும் குறுக்குவதையும் இரு பட்டறையில் இரு வேலையாகச் செய்யாமல் ஒரே வரைபடத்தில் போட்டிருந்தால், ஒரு சேஸிஸ் வெட்டும் ஒரு விரிசலும் மிச்சமாகியிருக்கும்.

இந்த வண்டிக்கு இனிக் கடையில் ஷாஃப்ட் கிடைக்காது. புதிய நீளங்களை ஹவுசிங்கின் பின்மூடியில் எண் பொறித்து வைத்திருக்கிறார்கள். உபரியாக ஒரு ஷாஃப்ட், நீளமான பக்கத்து அளவில், பல் வெட்டாமல், பதப்படுத்தாமல் தோட்டத்துக் கிடங்கில் எண்ணெய் தடவிக் கிடக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் அதை வெட்டிப் பல் போட்டுக்கொள்ளலாம்.